மகளின் இடது தாடை

என் மகளுக்கு எட்டு வயதில் இடது தாடை வீங்கியது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. காதுக்குக் கீழே, கடைவாய்ப் பக்கம், கொட்டைப்பாக்கை அடக்கி வைத்த மாதிரி ஒரு மேடு. பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரும்போது பார்த்தேன். தொட்டால் கல் மாதிரி இருந்தது.

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதற்குக் காரணம் என் நாத்தனார். அவள் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனாலும் முதலில் அவளைச் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. எங்களைத் தில்லிக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து கஷாயம் வரும். நான் கூப்பிடாமலே வந்தாள். பாப்பாவின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"பொன்னுக்கு வீங்கிடி இது. பள்ளிக்கூடத்துலேருந்து ஒட்டிக்கினு வந்திருக்கு."

"அதுக்குக் காய்ச்சல் வரும்ல அக்கா? மெத்துனு இருக்கும்ல?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரியாவா வருது? தங்கம் போட்டா எறங்கிடும்."

எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான். பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தாடையில் அப்புவார்கள். ஒரு வாரத்தில் தானாக இறங்கும். தங்கத்தால் இறங்கியது என்பார்கள்.

என் கழுத்தில் மஞ்சள் கயிறுதான். அதனால் நாத்தனார் தன் சங்கிலியையே கழற்றிப் போட்டாள். பாப்பா ஓடி ஆடுகிற பிள்ளை, கொக்கி கழன்று விழுந்துவிடும் என்று கொக்கியைக் கறுப்பு நூலால் கட்டி முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு இல்லை. எண்ணவில்லை, நிறைய. மேலே பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், யார் கண்ணிலும் படக்கூடாது என்று.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

வாரம் ஒரு முறை நாத்தனார் வந்து பார்ப்பாள். "கொஞ்சம் எறங்கினாப்ல இருக்கு பாரு" என்பாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். சுவரில் ஒரு நூல் அளவு மேடு இருந்தாலும் கையால் தடவிக் கண்டுபிடிப்பார். மகளின் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"பாக்கலாம்" என்றார்.

எதற்கும் அவர் சொல்வது அதுதான். கூரை ஒழுகினாலும் பாக்கலாம். பிள்ளை தாடை கல்லாகிக் கிடந்தாலும் பாக்கலாம்.

கடைசியில் கண்டுபிடித்தவள் பாப்பாதான். ஒரு நாள் காலையில் என் ஆட்காட்டி விரலைப் பிடித்துத் தன் வாய்க்குள் விட்டாள்.

"இந்தப் பக்கம் பெரிய பல்லு வந்துச்சு. அந்தப் பக்கம் வரல. எங்க கிளாஸ்ல எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் இருக்கு. நான் எண்ணிட்டேன்."

வலது பக்கம் பின்னால் கடைவாய்ப் பல் இருந்தது. இடது பக்கம் வெறும் ஈறு. ஈறுக்கு அடியில் எலும்பு உப்பி இருந்தது. உள்ளேயும் அந்த மேடு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் வெளியே மஞ்சள் பூசியிருக்கிறேன். ஒரு நாளும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.

நான் லோதி ரோடு பக்கம் மூன்று வீட்டில் சமையல் செய்கிறேன். மூன்று வீட்டுக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே காலை எட்டு மணிக்குச் சீட்டு எழுதும் ஜன்னல் திறக்கும். ஏழுக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். குழந்தைகள் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்கள். குழந்தைகள் பிரிவில் இது பல் பிரிவு என்றார்கள். பல் பிரிவில் குழந்தைகளுக்குத் தனி அறை, மூன்றாவது மாடி என்றார்கள். மூன்றாவது மாடியில் முதலில் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு வா, கீழே போ என்றார்கள். லிப்டில் நோயாளிக்கு மட்டும் இடம் என்றான் லிப்ட்காரன். "இவதான் நோயாளி" என்றேன். "இவளா? இவள் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று இந்தியில் சொன்னான். படியில் இறங்கினோம்.

படம் எடுக்கும் அறையில் ஒரு மிஷின் தலையைச் சுற்றி வருகிறது. பாப்பா அதற்குப் பயப்படவில்லை. தாடையை வைத்து நிற்கச் சொன்னார்கள், நின்றாள். அப்புறம் மிஷின்காரர் கழுத்தைப் பார்த்தார். சங்கிலியைக் கழற்று என்றார்.

கழற்ற வரவில்லை. நாத்தனாரின் முடிச்சு இரண்டு மாதம் வியர்வையிலும் குளியலிலும் ஊறி இறுகிப் போயிருந்தது. நகத்தால் பார்த்தேன். பல்லால் கடித்தேன். பின்னால் வரிசை கத்தியது. மிஷின்காரர் "ஜல்தி, ஜல்தி" என்றார். கத்தரிக்கோல் கேட்டேன், இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் இல்லையாம். எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாசலில் பழச்சாறு விற்கிறவரிடம் கத்தியை வாங்கி நூலை அறுத்துவிட்டு வந்தேன். மறுபடி வரிசையின் கடைசி.

மூன்றாவது மாடியில் ஒரு டாக்டரம்மா இருந்தாள். சின்ன வயது. படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். நானும் பார்த்தேன். பல் வரிசை வெள்ளையாக இருந்தது. இடது மூலையில் மட்டும் நாவல் பழம் அளவுக்குக் கறுப்பு. கறுப்புக்கு அடியில் ஒரு பல் தாடையின் கீழ்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வராத பல் அங்கே இருந்தது.

எனக்குச் சமையல்கட்டு இந்தி தெரியும். ஆஸ்பத்திரி இந்தி வேறு. பாப்பா இங்கேயே பிறந்தவள், அவள்தான் நடுவில் நின்று பேசினாள்.

"எத்தன நாளா இருக்குன்னு கேக்குறாங்க."

"ரெண்டு மாசம்னு சொல்லு."

"இத்தன நாள் என்ன பண்ணீங்கன்னு கேக்குறாங்க."

பாப்பாவே சொல்லிவிட்டாள். "ஹமாரே யஹா சோனா பஹன்தே ஹைன்." எங்கள் ஊரில் தங்கம் போடுவோம் என்று. டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தாள்.

"சோனா?"

"அம்மா, தங்கம் போட்டா எப்புடி எறங்கும்னு கேக்குறாங்க."

"நீயே சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? அத்தைக்குத்தான் தெரியும்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், எழுத ஆரம்பித்தாள்.

அந்த வாரமே வேறொரு படமும் எடுத்தார்கள், எலும்பைத் துண்டு துண்டாகக் காட்டும் படம். அப்புறம் ஈறை மரக்கவைத்துக் கட்டியில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அந்தத் துணுக்கை மெழுகில் பதித்து, மெலிசாகச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்களாம். முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. வா என்ற நாளில் போனால் கையெழுத்து ஆகவில்லை என்றார்கள். கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்றார்கள்.

முடிவு வந்த அன்று வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒரு தாளில் தாடையை வரைந்தாள். பெரிய பேச்சாகப் பேசினாள். நான் பிடித்துக்கொண்டது இவ்வளவு. பல் முளைக்கிற இடத்தில் வருகிற கட்டி இது. பிள்ளைகளுக்கு எப்போதாவதுதான் வரும். கேன்சர் இல்லை. இதை இரண்டு முறை சொன்னாள். இதில் பார்க்க ஒன்று போலவே இரண்டு வகை உண்டு. ஒரு வகை என்றால் கட்டியைச் சுரண்டி எடுத்தால் போதும். இன்னொரு வகை சுரண்டினால் நிற்காது, திரும்பத் திரும்ப வரும். அதற்கு எலும்பையே வெட்டிவிட்டுத் தகடு வைப்பார்கள். பிள்ளை வளர வளர மறுபடி ஆபரேஷன். எடுத்த துணுக்கு சின்னது, எந்த வகை என்று இங்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டாவது வகை மாதிரித்தான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

பேனாவால் தாளில் இரண்டு கோடு போட்டாள். இங்கிருந்து இங்கே வரைக்கும் வெட்ட வேண்டியிருக்கும் என்றாள். தாடையில் கால்வாசி.

பாப்பா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் எதையும் தமிழில் மாற்றிச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர், "வெட்டணும்னா வெட்டிடலாம். சட்டுனு முடிஞ்சிரும்" என்றார்.

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு விஷயத்தில் பாக்கலாம் என்று சொல்லவில்லை. அதற்கு இதுவா கிடைத்தது.

"உங்க தாடையா? வெட்டிக்குங்க" என்றேன்.

பஸ்ஸில் பாப்பா கேட்டாள். "அம்மா, பாதி வாயோட நான் எப்புடி சப்பாத்தி சாப்பிடுவேன்?"

"சோறு சாப்புடு."

அவள் அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் சந்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டுக்காரர் போனில் யாரிடமோ "டியூமர்" என்று சொல்லியிருக்கிறார். சந்தில் டியூமர் என்றால் ஒரே அர்த்தம்தான். இருக்கும் வரைக்கும் பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடு என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். "கேன்சர் இல்ல" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னேன். தாய் மனசு அப்படித்தான் சொல்லும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்கள். நாலு நாள் சொன்னேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டேன்.

சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தபோது நாத்தனார் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா ஒரு வழி சொல்லியிருந்தாள். இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிக் கட்டிகளையே பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டியையும் அங்கே கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். அவர்கள் முதல் வகை என்று சொன்னால் வெட்ட வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அவர்கள் அனுப்ப மாட்டார்கள். நோயாளி வீட்டு ஆள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மெழுகுக் கட்டியை என் கையில் கொடுத்தார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். நடுவில் ஒரு பொட்டு, வேகவைத்த முட்டையின் வெள்ளையைக் கிள்ளி வைத்த மாதிரி. பாப்பாவின் தாடை அது. கூட இரண்டு கண்ணாடித் துண்டு, ஒரு கடிதம். கடிதத்தில் நம்பரும் சீலும்.

மே மாதம். காலை ஒன்பது மணிக்கே ரோட்டில் தார் இளகும். எனக்கு ஒரே நினைப்பு, மெழுகு உருகிவிட்டால் என்ன செய்வது என்று. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வேலை செய்கிற வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் கேட்டு வாங்கினேன். எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஐஸைப் போட்டு, ஈரத்துணியில் மெழுகுக் கட்டியையும் கண்ணாடியையும் சுற்றி வைத்தேன். கடிதம் தனியாகக் கசங்கும் என்று அதையும் மடித்து உள்ளே வைத்தேன். இரண்டு பஸ் மாறினேன். டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் சாப்பாடா என்றார். ஆமாம் என்றேன்.

அந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்த ஆள் டப்பாவைத் திறந்தான். ஐஸ் எல்லாம் தண்ணீராகிக் கடிதம் அதில் மிதந்தது. சீல் கரைந்து நீலமாக ஓடியிருந்தது. நம்பர் இருந்த இடத்தில் நம்பர் இல்லை. மெழுகுக் கட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் அதைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான்.

"அரே, யே மோம் ஹை. குல்ஃபி நஹி ஹை."

மெழுகு இது, குல்ஃபி இல்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெயிலில் இது உருகாது என்றான். அடுப்பில் வைத்தால்தான் உருகும். கடிதம் இல்லாமல் வாங்க முடியாது, போய்ப் புதுக் கடிதம் வாங்கி வா என்றான்.

டப்பாவை மூடினேன். திரும்பும்போது பஸ்ஸில் நாத்தனாரைத் திட்ட வாய் வரவில்லை. தங்கத்தைப் போட்டு அவள் இரண்டு மாதம் கெடுத்தாள். ஐஸைப் போட்டு நான் ஒரு நாளைக் கெடுத்தேன். நாளில்தான் வித்தியாசம்.

ஒரு நாளோடும் போகவில்லை. சீல் போடுகிற ஜன்னல் ஒரு மணிக்கு மூடும். அடுத்த நாள் சனிக்கிழமை. அதற்கடுத்து ஞாயிறு. திங்கள்கிழமை என்னமோ விடுமுறை. செவ்வாய்க்கிழமை புதுக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுக் கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். அதே ஆள். "இன்னிக்கு ஐஸ் எங்கே?" என்று இந்தியில் கேட்டான். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்றாள். கண்ணாடி முன்னால் இடது தாடையைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்துப் பார்த்தாள். நான் சமையல்கட்டிலிருந்து பார்த்தேன். "கண்ணாடிய அங்க வை" என்று அதட்டினேன்.

முடிவைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வகை என்றாள். சுரண்டி எடுத்தால் போதும் என்றாள்.

"வெட்ட வேணாமா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பாப்பா மாற்றிச் சொன்னாள். வேண்டாம் என்றாள் டாக்டரம்மா. "நல்லாக் கேளு" என்றேன். பாப்பா கேட்டாள். வேண்டாம். "இன்னொரு வாட்டி கேளு."

"அம்மா, மூணு வாட்டி கேட்டா மாத்திச் சொல்லிடப் போறாங்க. வா போலாம்."

அந்தக் கட்டிக்கு நீளமான பெயர். பாப்பா நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு வாயில் வராது.

ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்து இரண்டு முறை தள்ளினார்கள். ஒரு முறை மயக்க மருந்து டாக்டர் இல்லை. ஒரு முறை பாப்பாவுக்குச் சளி. மூன்றாவது தேதியில் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வாய்க்கு உள்ளேயே கீறினார்கள், வெளியே தழும்பு இல்லை. கட்டியைச் சுரண்டி எடுத்து, கீழே மாட்டிக்கொண்டிருந்த பல்லையும் எடுத்தார்கள். எடுத்த கட்டி முழுவதையும் மறுபடி மெழுகில் பதித்துப் பார்த்து, அதே வகைதான் என்று எழுதினார்கள். இந்த முறை நான் எதையும் தூக்கவில்லை.

வெளியே பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. ரவிக்கைக்குள் கையை விட்டு விட்டு எடுத்தாள். சங்கிலி அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"உள்ள கூட்டிக்கினு போறப்ப போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா."

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு வாரம் கஞ்சி. பாப்பா கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினாள். தெருமுனை வண்டியில் விற்கிற மோமோ வேண்டும் என்றாள். தாடைக்குள் குழி ஆறவில்லை, இவளுக்கு மோமோ. ஆபரேஷனைவிட இதுதான் என்னை அதிகம் படுத்தியது.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது, இது திரும்ப வரலாம். வராமலும் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்க வேண்டும், வருஷக்கணக்கில். அதிலிருந்து தினமும் காலையில் தலை வாரும்போது பாப்பாவின் இரண்டு தாடையையும் தடவிப் பார்க்கிறேன். வாயைத் திறக்கச் சொல்கிறேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு திறப்பாள். ஐந்து படம் எடுத்தாயிற்று. ஒவ்வொன்றிலும் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

போன குளிர்காலத்தில் ஒரு காலை. கையை வைத்தேன். இடது தாடை வீங்கியிருந்தது.

அவள் ஒரு பக்கம் ஜடையோடு நின்றாள். மறுபக்கம் பின்னவில்லை. அப்படியே ஸ்வெட்டரைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் "பாக்க..." என்றார், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ கூப்பிடப் போனார். ஆஸ்பத்திரியில் நான் வரிசையில் நிற்கவில்லை. லிப்ட்காரனைக் கேட்கவில்லை. நேரே மூன்றாவது மாடி. டாக்டரம்மா வேறு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

தாடையை அமுக்கினாள். காதுக்குக் கீழே அமுக்கினாள். பாப்பா "ஆ" என்று கத்தினாள். வலித்தது. நெற்றியில் கை வைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள். வலது பக்கமும் தொட்டுப் பார்த்தாள். படம் எடுத்து வரச் சொன்னாள்.

படத்தில் கறுப்பு இல்லை. குழி இருந்த இடத்தில் எலும்பு வந்திருந்தது, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக. டாக்டரம்மா படத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மம்ப்ஸ் ஹை. அப் சோனா பஹனா தோ."

பாப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. வலியில் அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா, பொன்னுக்கு வீங்கியாம். இப்பப் போய் தங்கம் போடுங்கன்னு சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வீட்டுக்கும் சொல்லாமல் வந்திருக்கிறேன். பாதித் தலை வாரிய பிள்ளையோடு மூன்று மாடி ஏறியிருக்கிறேன். ஒட்டுகிற நோய், கூட்டத்தில் நிற்க வைக்காதே, உடனே வீட்டுக்குக் கூட்டிப் போ என்று வேறு சொன்னார்கள். படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பாப்பா எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் போனில் சொல்லிவிட்டார். வேப்பிலை அரைத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். இன்னொரு கையில் சங்கிலி. இந்த மூன்று வருஷமும் அதைத் தாளிலேயே வைத்திருந்திருக்கிறாள், தாள்கூட அதே தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, பொன்னுக்கு வீங்கின்னு" என்றாள். "என்னா, கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லிட்டேன்."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"போடு" என்றேன்.

அவள் போட்டாள். இடுப்பிலிருந்து கறுப்பு நூலை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"முடிச்சு வேணாம் அக்கா. தை மாசம் மறுபடி படம் எடுக்கணும்."

நூலை என் கையில் கொடுத்துவிட்டு அவள் வேப்பிலையைக் குழைக்க ஆரம்பித்தாள்.